ஜெபத்தில் தினமும் ஒரே வார்த்தைகள்தானா?

கேள்வி: வேலைக்குக் கிளம்புமுன் தினமும் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்து ஜெபிக்கிறேன். இருபது நிமிடம்தான் கிடைக்கிறது. வாசித்தது மதியத்துக்குள் மறந்துவிடுகிறது. ஜெபத்திலும் நேற்றுச் சொன்னதே இன்றும் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வாசிப்பும் ஜெபமும் தனித்தனியே நடக்கின்றன. வேதத்தை மூடியதும் மனதில் ஏற்கெனவே இருக்கும் விண்ணப்பப் பட்டியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. வாசித்த பகுதியிலிருந்தே ஜெபத்தை எடுங்கள். அதற்குப் பகுதி சிறிதாக வேண்டும்: ஏழெட்டு வசனம், மிஞ்சினால் பத்து. கத்தோலிக்கர் என்றால் அன்றைய திருப்பலி வாசகங்களில் நற்செய்தி மட்டும் போதும்.

மாற்கு 10:46-52, பர்திமேயு பார்வையடைந்த பகுதியை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை வாசியுங்கள், ஒரு முறையாவது வாய்விட்டு. பழகிய பகுதியில் கண் மட்டும் ஓடினால், மனம் தெரிந்ததை வைத்தே நிரப்பிக்கொண்டு தாண்டிப் போய்விடும். பிறகு ஆறேழு நிமிடம், எந்த இடம் உங்களை நிறுத்துகிறதோ அங்கேயே நில்லுங்கள். 51-ஆம் வசனத்தில், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். சற்று மேலே 36-இல் தம் சீடர்களான யாக்கோபையும் யோவானையும் கேட்டதும் இதே கேள்விதான். அவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான்.

ஜெபம் இங்கே தொடங்கட்டும்: “ஆண்டவரே, இன்று நான் உம்மிடம் கேட்பது இடமா, பார்வையா?” பிள்ளையின் தேர்வு, வீட்டுக் கடன் எதையும் விட வேண்டாம். அவற்றை அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லிப் பாருங்கள், நேற்றைய வார்த்தைகள் வராது. கடைசி இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதி என்ற இந்த நான்கு படிகளை 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ வகுத்தார்.

மறதிக்கு மருந்து ஒரு துண்டுச் சீட்டு. நின்ற வசனத்தைக் கையால் எழுதிச் சட்டைப்பையில் வைத்து, சாப்பிடுமுன் ஒரு முறை பாருங்கள். கைப்பேசியில் குறித்தால், திறந்ததும் வேறு செய்தி முந்திக்கொள்ளும்.

ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: எந்த வசனத்தைப் பார்த்தாலும், இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்றே மனம் போகும். அந்தக் குறிப்பை வேறு தாளில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். வாக்குத்தத்த அட்டையில் (இறைவாக்குறுதி ஒன்றை மட்டும் அச்சிட்ட அட்டை) வரும் வசனத்தைத் தியானிப்பதானால் முன்னும் பின்னும் வாசிப்பது அவசியம். நல்ல எதிர்காலத்தை வாக்களிப்பதாகப் பலர் வீட்டுச் சுவரில் தொங்கும் எரேமியா 29:11-க்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் கழிய வேண்டும் என்கிறது! நாளைக்கே நடக்கும் என்ற உறுதியாக அதை எடுத்துக்கொண்டவர்தான் பிறகு சோர்ந்துபோகிறார்.

ஒரே ஆண்டில் வேதம் முழுவதையும் முடிக்கும் திட்டத்தில் இருக்கிறீர்களா? புராட்டஸ்டண்ட் வேதத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். அதை மாலைக்கு மாற்றுங்கள், காலை இருபது நிமிடத்தில் திணிக்காதீர்கள்.

ஜெபமே வராத நாட்களும் இருக்கும். அன்று சங்கீதம் 13-ஐ உங்கள் ஜெபமாகவே உரக்க வாசியுங்கள். ஆறே வசனம்; அதில் முதல் இரண்டும் முறையீடுதான். தவறிய நாளின் பகுதியை மறுநாள் சேர்த்து வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.