பெயரில்லாத பாத்திரத்துக்கு நாம் வைக்கும் பெயர்

கேள்வி: அக்கா, நாங்கள் ஹட்டன் பக்கம் நான்கு நண்பர்கள். ஆங்கிலத்தில் வரும் ஒரு கற்பனைத் தொடருக்குத் தமிழில் ரசிகர் விக்கி, அதாவது ரசிகர்களே சேர்ந்து எழுதித் திருத்தும் தகவல் தளம், நடத்துகிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் லாந்தரோடு வந்துபோகும் கிழவிக்குக் கதையில் பெயரே இல்லை. பக்கத்துக்குத் தலைப்பு வேண்டுமே என்று 'தீபாயி' என்று வைத்தோம். ஒரு வருடம் கழித்து ஒரு யூடியூப் காணொளியில் அதையே அவளுடைய உண்மைப் பெயராகச் சொல்கிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்தக் காணொளியை ஆதாரமாகக் காட்டி, 'பெயர் உறுதியானது' என்று எங்கள் பக்கத்திலேயே எழுதிவிட்டார். இனி என்ன செய்வது? பெயர் வைக்காமலே விட்டிருக்க வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் அந்தத் திருத்தத்தை நீக்கிப் பக்கத்தைப் பழைய நிலைக்கு மீளமையுங்கள். தொகுப்பவர்கள் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதிவையுங்கள். நீங்கள் பெயர் வைத்த நாள் பக்க வரலாற்றில் இருக்கும். காணொளி வெளியான நாள் காணொளியில் இருக்கும். இரண்டையும் அருகருகே போட்டாலே, யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பது விளங்கிவிடும். நம்மிடமிருந்து போனது நமக்கே ஆதாரமாகத் திரும்பி வர முடியாது.

இப்படி நடப்பது புதிதல்ல. தென்னமெரிக்காவில் கோவாட்டி என்று ஒரு விலங்கு உண்டு. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று தானாகவே எழுதிவைத்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு. கோவாட்டிக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனாலும் பத்திரிகைகள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. பிறகு அந்த எழுத்துகளே அந்தப் பெயருக்குச் சான்றாக விக்கிப்பீடியாவில் ஏறின. 2014இல் விஷயம் வெளிவரும்வரை அது நின்றது.

ஆனால் பெயர் வைத்ததே பிழை என்று நினைக்க வேண்டாம். பக்கம் என்று ஒன்று இருந்தால் தலைப்பு வேண்டும். நம் மொழியில் இந்தத் தேவை வெகு பழையது. குறுந்தொகையைத் தொகுத்தபோது சில பாட்டுகளைப் பாடியவரின் பெயர் கிடைக்கவில்லை. பாட்டுக்குள் இருந்த ஒரு தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராக்கினார்கள். 40ஆம் பாட்டில் 'செம்புலப் பெயல்நீர்' என்று வருகிறது, பாடியவர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டில் 'அணிலாடு முன்றில்'. அவர் அணிலாடு முன்றிலார். 131ஆம் பாட்டுக்காரர் ஓரேருழவனார். இந்தப் பெயர்களைப் பார்த்தவுடன், இவை தாய் தகப்பன் வைத்த பெயரல்ல, பாட்டிலிருந்து வந்தவை என்று தெரிந்துவிடுகிறது. அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். பாத்திரங்களைப் பற்றியும் இதே கவனம் இருந்தது. அகப்பாட்டில் வருபவரை இயற்பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. உரைகாரர்கள் அவர்களுக்குப் பெயர் கற்பிக்கவில்லை; தலைவி, தோழி, செவிலி என்று கதையில் அவர்கள் இருக்கும் இடத்தைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பள்ளியில் படித்த காரணப்பெயர், இடுகுறிப்பெயர் நினைவிருக்கிறதா? பெயர் தெரியாத பாத்திரத்துக்குக் காரணப்பெயர் மட்டும் வையுங்கள். 'தீபாயி' காதுக்கு இனிமையாக இருக்கிறது. சிக்கலே அதுதான்; அது நிஜமான ஒருத்தியின் பெயர்போல ஒலிக்கிறது. 'லாந்தர் ஏந்திய கிழவி' என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உண்டு. சின்ன எழுத்தில் எழுதினால் வருணனை, பெரிய எழுத்தில் தொடங்கினால் பெயர். நமக்கு அந்த வசதி இல்லை. 'லாந்தர்க்கிழவி' என்று சேர்த்து எழுதினாலே அது பட்டப்பெயராகிவிடும். எச்சம் போட்டுப் பிரித்து எழுதினால் வருணனையாகவே நிற்கும்: 'லாந்தர் ஏந்திய கிழவி', 'பாலத்தடியில் நின்ற ஆள்'. அதோடு நம் மொழி ஆண், பெண், மரியாதை மூன்றையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தும். முகமூடி போட்டு வரும் ஒருவர் ஆணா பெண்ணா என்று கதை சொல்லவில்லை என்றால், 'முகமூடிக்காரன்' என்று எழுதியவுடன் கதையில் இல்லாத ஒன்றை நாம் சொல்லிவிட்டோம். 'முகமூடி அணிந்தவர்' போதும்.

வருணனையிலும் பொய் நுழையலாம். 2019இல் வந்த 'தி மாண்டலோரியன்' என்ற ஸ்டார் வோர்ஸ் தொடரில் பெயர் சொல்லாமல் ஒரு குழந்தையைக் காட்டினார்கள். உலகமே அதைப் 'பேபி யோடா' என்றது. பழைய ஸ்டார் வோர்ஸ் படங்களில் வரும் யோடா அல்ல அது. அதே இனம், அவ்வளவுதான். குரோகு என்ற சொந்தப் பெயர் 2020இல்தான் கதையில் வந்தது. இப்படி ஊரெல்லாம் புழங்கும் பெயரை ஒதுக்கவும் முடியாது, ஆட்கள் அதைத்தானே தேடுவார்கள். அதற்கு ஒரு வழிமாற்றுப் பக்கம் வையுங்கள்; அந்தப் பெயரைத் தேடுபவரை அது சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். உள்ளே 'ரசிகர்கள் இவ்வாறு அழைக்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதுங்கள். தலைப்பாக வேண்டாம்.

இனி அடையாளக் குறிப்பு. பெரிய விக்கிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. ஸ்டார் வோர்ஸ் ரசிகர்களின் வூக்கிபீடியா, தலைப்பு ஊகம்தான் என்று பக்கத்தின் உச்சியிலேயே வார்ப்புரு (பல பக்கங்களில் ஒரேமாதிரிப் போடும் ஆயத்தக் குறிப்பு) போட்டுச் சொல்கிறது. ஸ்டார் ட்ரெக்குக்கான மெமரி ஆல்ஃபா, ஒரு காட்சியில் தலைகாட்டும் ஆட்களைப் 'பெயரிடப்படாதோர்' என்று பட்டியல் பக்கங்களில் சேர்த்துவிடுகிறது. ஒரே காட்சியோடு போய்விடும் காவல்காரர்களுக்கு நீங்களும் இதையே செய்யுங்கள். காவல்காரர் 1, காவல்காரர் 2 என்று எண் போட வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் 'அஞ்சாம் நம்பர் மலை' என்றால் அங்கே கொழுந்து எடுத்தவருக்குத்தான் விளங்கும். புதிதாக ஒரு காவல்காரர் நடுவில் வந்தால் உங்கள் எண்களும் குழம்பும்.

உங்கள் வார்ப்புருவில் இப்படி எழுதலாம்: 'இந்தத் தலைப்பு மூலக்கதையில் உள்ள பெயர் அல்ல. 3ஆம் அத்தியாயத்தில் பெயர் சொல்லாமல் வரும் பாத்திரத்தை அடையாளம் காட்டத் தொகுப்பாளர்கள் இட்டது.' வார்ப்புருவுக்குள்ளேயே ஒரு பகுப்பையும் (ஒரே வகைப் பக்கங்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். அப்போது நாம் வைத்த தலைப்புகள் எல்லாம் தாமாகவே ஒரே இடத்தில் சேரும், புதிய அத்தியாயம் வரும்போது வரிசையாகச் சரிபார்க்கலாம். கதையின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் ஆங்கிலத்தில் 'ஓடக்காரர்' என்று போட்டிருந்து நீங்கள் அதைத் தமிழாக்கினால், அது வேறு வகை. பெயர் அவர்களுடையது, தமிழ்தான் நம்முடையது. அதற்குத் தனிக் குறிப்பு வையுங்கள்.

ஆனால் வார்ப்புரு பக்கத்தின் தலையில்தான் இருக்கும். பெயர் அங்கே நிற்காது. தேடலில், பகுப்பில், மற்றப் பாத்திரங்களின் பக்கங்களில் பெயர் மட்டும் தனியாகப் போகும். உங்கள் 'தீபாயி' அப்படித்தான் காணொளிவரை போயிருக்கும். ஆகவே முதல் வாக்கியத்தை 'தீபாயி என்பவர்...' என்று தொடங்காதீர்கள். 'மூன்றாம் அத்தியாயத்தில் லாந்தர் ஏந்தி வரும் கிழவிக்குக் கதையில் பெயர் சொல்லப்படவில்லை' என்று தொடங்குங்கள். மற்றப் பக்கங்களிலும் வருணனையாகவே எழுதி இணைப்புக் கொடுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் அப்பாயியை லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோரும் ஒரு பெயரால் கூப்பிட்டார்கள். படிவம் நிரப்பிய ஒருவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. தனக்குத் தோன்றியதை எழுதினார். 'உறுதியில்லை' என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால் பிறகு யாராவது கேட்டிருப்பார்கள். எழுதவில்லை. அடையாள அட்டையிலும் அதே பெயர், மரணச் சான்றிதழிலும் அதே பெயர். கதைப் பாத்திரத்துக்கும் இதற்கும் தூரம் அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் குறி போடாத ஊகம் உண்மையாகிப் போகும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

நாளைக்கே கதாசிரியர் பெயரைச் சொல்லிவிட்டால், புதுப் பக்கம் தொடங்கிப் பழையதை அழிக்காதீர்கள். 'நகர்த்து' வசதியால் தலைப்பை மாற்றுங்கள். வரலாறு அப்படியே இருக்கும், பழைய தலைப்பு வழிமாற்றாக நிற்கும். பிறகு 'இப்பக்கத்தை இணைத்தவை' பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். தமிழில் வேற்றுமை உருபு ஏறுவதால் 'கிழவியின்', 'கிழவிக்கு' என்று இணைப்புகள் பல உருவில் இருக்கும். கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு மாலை நேரம் போகும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: பக்கத்தை 'லாந்தர் ஏந்திய கிழவி' என்று நகர்த்துங்கள். 'தீபாயி'யை வழிமாற்றாக விடுங்கள். பக்கத்தின் உள்ளே, அந்தப் பெயர் இந்த விக்கியில் எந்த ஆண்டு, எந்த மாதம் வைக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள். காணொளிக்காரருக்கும் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். திருத்தம் எழுதிய அந்தப் புதியவரை விட்டுவிடாதீர்கள். ஆதாரம் தேடிப் போடும் பழக்கம் உள்ளவர் அவர். வார்ப்புரு வேலையை அவரிடமே கொடுங்கள்.