கல்லாப்பெட்டி – கேள்வி பதில்: ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டேன்!

சென்னையில் முப்பது வருடம் அட்டைப்பெட்டி செய்து விற்றவன் என்கிற ஒரே தகுதியில் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக இறங்கலாமா?

எனக்கு 34 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து 4 வருடம் 8 மாதம் ஆகிறது. பேசிக் 20,800, கைக்கு 42,000 வருகிறது. கணவரும் வேலையில் இருக்கிறார். வீட்டுக்கடன் தவணை போகிறது. ஒன்றரை வருடமாகக் கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி செய்து எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் விற்கிறேன். மாதம் 150 பாக்கெட், ஒன்று 120 ரூபாய். மளிகைச் செலவு 9,000 போக 9,000 லாபம். மாமியாரும் உதவுகிறார். முழுநேரமாக இறங்கினால் ஐந்து மடங்காக்கலாம் என்று தோன்றுகிறது. ராஜினாமா கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். நான் தயாராகிவிட்டேனா?
– வாசகி, மடிப்பாக்கம்

கடிதத்தைக் கிழிக்க வேண்டாம் அம்மா, கொடுக்கவும் வேண்டாம். பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு பேனாவை எடுங்கள்.

கம்பெனிக் கணக்கைப் பைசா பிசகாமல் பார்க்கிறவர் நீங்கள். உங்கள் பொடிக் கணக்கை மட்டும் ஏன் இப்படி எழுதினீர்கள்? 'மாமியாரும் உதவுகிறார்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அங்கேதான் உங்கள் லாபத்தில் பெரும்பகுதி இருக்கிறது. உளுந்தையும் மிளகாயையும் கருகாமல் வறுத்து எடுக்கிற கைக்கு வெளியே கூலி என்ன? நாளைக்கு 500 என்றே வைப்போம். மாதம் ஆறு நாள் என்றால் 3,000. கவர், ஸ்டிக்கர் பாக்கெட்டுக்கு 7 ரூபாய் வீதம் 1,050. அரவைக் கூலியும் வீட்டுச் சமையலோடு கலந்துவிட்ட கேஸும் சேர்த்து 1,500. மொத்தம் 5,550. உங்கள் 9,000-இல் கழித்தால் 3,450 நிற்கிறது. பாக்கெட்டுக்கு 23 ரூபாய். உங்கள் கணவர் பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிற பெட்ரோலை நான் சேர்க்கவில்லை, பாவம்.

இந்த 23 ரூபாயை வைத்து உங்கள் 42,000-ஐ எடுக்க மாதம் 1,826 பாக்கெட் விற்க வேண்டும். தினம் 60. நீங்கள் சொல்கிற ஐந்து மடங்கு 750-தான்; பாதிகூட வரவில்லை. அப்பார்ட்மெண்ட்டில் எத்தனை வீடு இருந்தாலும் தினம் 60 பாக்கெட் பொடி சாப்பிட மாட்டார்கள். அப்போது கடைக்குப் போக வேண்டும். நங்கநல்லூரிலோ மாம்பலத்திலோ ஒரு கடைக்காரர், "எனக்கு 25 பர்சென்ட் விடுங்க, வித்தா காசு, விக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடுங்க" என்பார். 120-இல் 25 சதவீதம் 30 ரூபாய். உங்களுக்கு நிற்பதே 23. அதாவது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையை விட்டு 7 ரூபாய் போகும். எவ்வளவு அதிகம் விற்கிறீர்களோ அவ்வளவு நஷ்டம்.

மொத்தமாக வாங்கினால் மளிகை விலை இறங்கும்தான். ஆனால் அந்த அளவுக்குப் பணம் மூட்டையாக வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும். எள்ளுப் பொடி சிக்கு வாடை அடித்தால் திரும்பி வருவதும் அதே ஹாலுக்குத்தான். விலையை 150 ஆக்கிப் பாருங்கள். கடைக்காரர் பங்கு 37.50 போக உங்களுக்கு 15.50 தேறும். 150-க்கு வாங்குகிறார்களா என்பதைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இனி கணக்கில் வராத ஒன்று. இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

1994-இல் ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் மண்டியில் சேல்ஸ்மேனாக இருந்தேன். என் மச்சான் அவர் ஸ்வீட் ஸ்டாலுக்கு 500 பெட்டி ஆர்டர் கொடுத்தார். செய்து கொடுத்தேன். "பிரமாதம் மாப்பிள்ளை" என்றார். அந்த 'பிரமாதம்' தலைக்கேறி அடுத்த வாரமே வேலையை விட்டேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஷெட், அட்டைக்குப் பின் அடிக்கிற செகண்ட் ஹேண்ட் ஸ்டிச்சிங் மெஷின் ஒன்று. அப்புறம் நாலு மாதம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் அடி பிரிகிறது, மைசூர்பாகு நெய்யில் அட்டை ஊறுகிறது என்பது மச்சானுக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லவில்லை. சொந்தக்காரர் எப்படிச் சொல்வார்?

ஐந்தாவது மாதம் ரிச்சி தெருவில் ஒரு ரேடியோ பார்ட்ஸ் கடைக்குக் கெஞ்சிக் கூத்தாடி 100 பெட்டி போட்டேன். முன்பின் தெரியாத மனிதர். மூன்று வாரம் கழித்து, பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போன் வந்தது. "ஏன்யா, மூலை பிரியுது, ரெண்டு பின்னு சேர்த்து அடிக்க மாட்டியா? சரி, இந்தத் தடவை முந்நூறு அனுப்பு." திட்டிவிட்டுத் திரும்ப வாங்கினார் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்குத் தொழில் தொடங்கியது. அதற்கு முன்னால் நான் செய்தது விசேஷ வீட்டில் மொய் வாங்குகிற மாதிரி.

உங்கள் 150 பாக்கெட்டில் எத்தனை பேர் உங்களை நேரில் பார்த்தறியாதவர்கள்? அவர்களில் எத்தனை பேர், நீங்கள் குரூப்பில் 'இந்த வாரம் பொடி ரெடி' என்று போடாமலேயே, தானாகக் கேட்டு வாங்கினார்கள்? "உப்பு கம்மி", "காரம் ஜாஸ்தி" என்று ஒருவராவது சொல்லியிருக்கிறாரா? ஒன்றரை வருடத்தில் ஒரு குறைகூட வரவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

வேலையில் இன்னும் நாலு மாதம் இருந்தால் ஐந்து வருடம் முடிகிறது. ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய கிராஜுவிட்டி என்று ஒன்று இருப்பதை அக்கவுண்ட்ஸ்காரருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! கடைசிப் பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 12,000. ஐந்து வருடத்துக்கு 60,000. அவசரத்தில் அதை ஏன் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டும்?

அந்த நாலு மாதமும் உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடாமல், கணவர் சம்பளத்திலேயே தவணை, பள்ளிக்கூடம், பால், மளிகை எல்லாம் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் கையில் 1,68,000 சேரும், கிராஜுவிட்டியோடு 2,28,000. அது உங்கள் முதல். இரண்டாவது மாதமே 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று கார்டைத் தேய்த்தீர்களென்றால் கடிதம் டப்பாவுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

இதற்கிடையில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் செய்து விற்றாலும் அது வேண்டும். பாக்கெட்டில் அந்த எண், எடை, தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும் என்பதெல்லாம் இல்லாமல் விவரமான கடைக்காரர் உள்ளேயே விடமாட்டார். மாமியாருக்கு இந்த மாதத்திலிருந்தே கூலி கொடுங்கள். வேண்டாம் என்பார். கொடுங்கள். உங்கள் கணக்கு அப்போதுதான் நேராகும்.

நாலு மாதம் கழித்து எழுதுங்கள். கூடவே ஒரு பருப்புப் பொடி அனுப்பினால் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், குறையும் சொல்கிறேன்.

மொபைல் சர்வீஸ் கடையில் ஆறு வருட அனுபவம். பெரம்பூரில் சொந்தக் கடை போட ஆசை. முத்ரா கடன் வாங்கித் தொடங்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

கை வேலை தெரியும், நல்லது. முத்ரா என்பது சிறுதொழிலுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். அதில் சிசு என்பது 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 2024-இலிருந்து 20 லட்சம் வரை என்று ஒரு படி சேர்த்திருக்கிறார்கள். அடமானம் கேட்க மாட்டார்கள் என்பதை வட்டி கேட்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

உங்கள் பணத்தைத் தின்னப்போவது ஹாட் ஏர் மெஷினோ மைக்ராஸ்கோப்போ இல்லை, கடை அட்வான்ஸ். இந்த ஊரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். 15,000 வாடகை என்றால் ஒன்றரை லட்சம், வட்டி இல்லாமல் வீட்டுக்காரரிடம் தூங்கும். அதற்கு மேல் கண்ணாடி, எல்இடி போர்டு என்று கடன் பணத்தைச் சுவரில் அடித்தால் ரிச்சி தெருவில் டிஸ்ப்ளே வாங்கக் காசு இருக்காது. முதலில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையின் மூலையில் ஒரு மேஜை வாடகைக்குக் கேளுங்கள். பழைய முதலாளியின் கஸ்டமர் இல்லாமல் அந்த மேஜைக்கு மாதம் எத்தனை போன் வருகிறது என்று பாருங்கள். கடன் எவ்வளவு வேண்டும் என்பது அப்போது தெரியும்.

பள்ளித் தோழனும் நானும் சேர்ந்து டூ வீலர் வாட்டர் வாஷ் போடுகிறோம். அவன் பணம், என் உழைப்பு. எழுதிக்கொண்டால் நட்பு கெடும் என்கிறான். எழுத வேண்டுமா?
– வாசகர், வில்லிவாக்கம்

எழுதாவிட்டால் உங்களுக்காக 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது: லாபமும் சரிபாதி, நஷ்டமும் சரிபாதி, வேலை பார்க்கிற பங்காளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. காலை ஆறு மணியிலிருந்து ஷாம்பு நுரையில் நிற்கப்போவது நீங்கள்தானே? கடை பட்ட கடனுக்குக் கடன்காரர் உங்களில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுத் தொகையையும் கேட்கலாம். முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு டீ சாப்பிடுங்கள். டீ ஆறுவதற்குள் நட்பு கெட்டால் அதுவும் லாபம்தான்.

ஒரு பெரிய கம்பெனி மாதாமாதம் லேத் ஜாப் ஒர்க் தருவதாகச் சொல்கிறது. 90 நாள் கிரெடிட். இந்த ஒரு ஆர்டரை நம்பி வேலையை விட்டு ஷெட் எடுக்கலாமா?
– வாசகர், திருமுடிவாக்கம்

2006-ஆம் வருடத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் உத்யம் என்கிற அரசுத் தளத்தில் உங்கள் தொழிலைப் பதிவு செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், இணையத்தில் இலவசம். ஏஜெண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் அழ வேண்டாம்.

அது சட்டம். நடப்பு வேறு. எனக்கும் ஒரு பெரிய பார்ட்டி இருந்தார். என் சரக்கில் முக்கால் பங்கு அவருக்கே போனது. ஒரு சமயம் ஐந்து மாதப் பில்லுக்குப் பணம் தராமல் நிறுத்தினார். கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராது. பேப்பர்காரருக்குக் கொடுக்க என் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. நாலில் இரண்டுதான் திரும்பி வந்தது. அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புவார்.

90 நாள் கிரெடிட் என்றால் முதல் பணம் நாலாவது மாதம் வரும். அதுவரைக்கும் வாடகை, கரண்ட், டூல் பிட், ஒரு ஹெல்பர் கூலி, உங்கள் வீட்டு அரிசி எல்லாவற்றையும் கூட்டி, கையில் அந்தத் தொகை இருந்தால் யோசிக்கலாம். அதோடு சின்னதாக இரண்டு பார்ட்டியாவது வேண்டும். ஒரே தூணில் பந்தல் போடாதீர்கள்.

என் ஜாதகத்தில் 2027-இல்தான் சொந்தத் தொழில் யோகமாம். காத்திருக்கலாமா?
– வாசகர், மந்தைவெளி

தாராளமாக. அதுவரைக்கும் கணக்கு எழுதிப் பழகுங்கள்.

இத்தனை பேருக்குச் சொல்கிறீர்களே, உங்களுக்கு 'இனி நம்மால் முடியாது' என்று எப்போதாவது தோன்றியதா?
– கல்லூரி மாணவி, போரூர்

2015 டிசம்பர் 1. அன்று ராத்திரி அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கலுக்குள் வந்தது. இரண்டாம் நாள் வடிந்த பிறகு இடுப்பளவு சேற்றில் இறங்கி ஷட்டரைத் தூக்கப் பார்த்தேன், நகரவில்லை. உள்ளே கிராஃப்ட் பேப்பர் ரீல்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, ஷட்டரை உள்ளிருந்து வெளியே வளைத்திருந்தன. நாலு பேர் கடப்பாரை போட்டோம். ரீலைக் கையால் அள்ளினால் கூழ். ஸ்டார்ச் பசை புளித்து, கள்ளுக்கடை மாதிரி ஒரு வாடை. மெஷினுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தேன். சரக்குக்குப் போடவில்லை, பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடித்த என் கெட்டிக்காரத்தனம்.

சேற்றில் நின்றபடி மனைவியிடம் "இதோட போதும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது அதில்தான் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் கிடைத்தது, ஓரம் மட்டும் நனைந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டை மாடிக் கொடியில் ஒவ்வொரு தாளாகக் கிளிப் போட்டுக் காயவைத்தாள். அவ்வப்போது தூறல் போட்டது. ஒவ்வொரு முறையும் ஓடிப் போய் எடுத்தோம்.