கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

பென்னாகரத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம்.

கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குச் சோதனைகளில் இது இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களைக் காத்தது. மனிதர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 3 மாதச் சராசரியும் ஓரளவு குறைந்தன. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையையும் விடவில்லை. எண்ணெய் விற்கும் செக்குக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்!

மாத்திரையோடு எண்ணெயும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் தருமபுரிப் பக்கம் வேம்பும் புங்கனும் நிறைய. அவற்றின் விதை எண்ணெயை மட்டும் குடித்துப் பார்க்காதீர்கள். வேப்பெண்ணெய் உள்ளே போய்க் குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததுண்டு. புங்க எண்ணெய் விளக்குக்குத்தான்.