அதிர்வது சப்பா, அலமாரியா? குறைந்த விலை சப்வூஃபர் கேள்விகள்

ஹோம் தியேட்டர் என்றாலே நம் ஆட்கள் முதலில் கேட்பது "பாஸ் எப்படி, நல்லா அதிருமா?" என்பதுதான். அதில் தப்பே இல்லை, நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அலமாரிக் கண்ணாடி நடுங்குவதை வைத்தே சப்வூஃபரை, அதாவது பாஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர் பெட்டியை (சுருக்கமாக சப்), எடை போடுகிறவர்கள், பத்து பதினைந்தாயிரம் கொடுத்து ஒரு டொம்டொம் பெட்டியை வாங்கிவிட்டு மூன்றாம் மாதமே விற்க ஆள் தேடுகிறார்கள். எனக்குத் திரும்பத் திரும்ப வந்த சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (திருச்சியிலிருந்து): ஹால் 12க்கு 14 அடி. 5.1 ஏவிஆர் (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்பையும் சேர்த்து நடத்துகிற ரிசீவர்) இருக்கிறது, சப் மட்டும் இல்லை. 15,000 ரூபாய், கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும் பரவாயில்லை. 8 இன்ச் போதுமா? எத்தனை வாட்ஸ் பார்க்கணும் சார்?

வாட்ஸைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைசியில் பாருங்கள். 50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ரிமோட்டில் வால்யூமைச் சில முறை அமுக்கினாலே அவ்வளவு வந்துவிடும். ஆனால் சத்தம் குறையாமல் 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஹெர்ட்ஸுக்கு (எண் குறையக் குறைய பாஸ் ஆழம்) இறங்க வேண்டுமென்றால் கோன், அதாவது ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசைகிற கூம்பு, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஆழமான பாஸுக்குப் பரப்பு வேண்டும் என்பது இதனால்தான். 8 இன்ச்சைவிட 10 இன்ச் கோனின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 12 இன்ச் என்றால் இரண்டே கால் மடங்கு. பெட்டியும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் எடுக்க ரொம்பப் பலமான ஆம்ப் தேவைப்படும், அந்த மாதிரி ஆம்ப் உங்கள் பட்ஜெட்டில் வராது. கச்சிதமாக, அழகாக, டிவி ஸ்டாண்டுக்குள் நுழைகிற சைஸில் வேண்டும் என்று வீட்டில் கேட்டால், பாஸும் அதே அளவு கச்சிதமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

போல்க் பி.எஸ்.டபிள்யூ 10 பல வருடங்களாக முதல் சப்பாக வாங்கப்படும் மாடல். 10 இன்ச், ஆம்ப் வெறும் 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.தான், அதாவது நிற்காமல் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. கிளிப்ஷ் ஆர்-100 எஸ்.டபிள்யூவும் 10 இன்ச்தான், ஆனால் 150 வாட்ஸ். யமஹா என்.எஸ்-எஸ்.டபிள்யூ 050 என்பது 8 இன்ச், 50 வாட்ஸ், பெட்ரூமுக்குச் சரி. ஹாலுக்கு என்றால் 10 இன்ச்சுக்குக் கீழே போகாதீர்கள். விலை ஒவ்வொரு மாதமும் மாறுகிறது, வாங்குகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அட்டையில் "25 ஹெர்ட்ஸ் வரை" என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம், பக்கத்தில் பிளஸ் மைனஸ் 3 டெசிபல் என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் 25 ஹெர்ட்ஸில் கொசு ரீங்காரம் அளவுக்கு ஏதாவது வந்தாலும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அளந்து வையுங்கள். நாலு கம்பி பேஸ் கிதாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், அதனால் 35 வரை ஒழுங்காக இறங்குகிற சப் பாட்டுக்குத் தாராளம். படத்தில் கட்டடம் இடிகிற, கப்பல் மூழ்குகிற காட்சிகளில் 30க்குக் கீழேயும் சரக்கு இருக்கும், அது இந்த விலையில் கிடைக்காது. கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து): ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செட் பார்த்தேன், 5.1, 12 இன்ச் சப்போடு. 1000 வாட்ஸ் என்கிறார்கள், கம்பெனி சப் ஒன்று வாங்குகிற காசில் முழு செட்டே வந்துவிடுகிறது. எடுக்கலாமா?

அசெம்பிள் என்றாலே மட்டம் என்று பேசுகிறவன் இல்லை நான், கைதேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டச் சொல்லுங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் இரண்டு 12உம் சேர்ந்த 24 வோல்ட்டை 5ஆல் பெருக்குங்கள், 120 வாட்ஸ். அந்த ஆம்புக்குள் நுழைகிற மொத்த சக்தியே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும், மிச்சத்தை ஆறு சேனலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிணற்றில் இருப்பதே நாலு குடம் என்றால் தொட்டி எங்கிருந்து நிரம்பும்? அந்த 1000 என்பது பி.எம்.பி.ஓ. என்கிற விளம்பரக் கணக்கு, யாரும் அளந்து பார்த்த எண் இல்லை.

காலேஜ் முடித்த வருடம் நானே ஒரு செட் எடுத்தேன், எந்தக் கடை என்பது வேண்டாம். ஆம்ப் பரவாயில்லை, உண்மையிலேயே உழைத்தது. கழுத்தறுத்தது பெட்டிதான். மெல்லிய பலகை, மூலையில் பசைகூட ஒழுங்காக ஒட்டவில்லை, பாஸ் வரும்போதெல்லாம் பெட்டியே சேர்ந்து 'பர்ர்ர்' என்று பாடியது. டிரைவரும் (பெட்டிக்குள் மாட்டுகிற ஸ்பீக்கர்) கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ரகம், 80, 100 ஹெர்ட்ஸில் காது கிழியக் கத்தும், 40க்கு வந்தால் ஊமை. ஆகவே அசெம்பிள்தான் என்று முடிவு செய்துவிட்டால், 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டி, சப்புக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி ஆம்ப், இது மூன்றையும் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். விலை கூடும். கூடின விலையைப் பார்த்ததும் கம்பெனி சப்பே தேவலாம் என்று தோன்றினால் தயங்காமல் அதையே வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஹோம் தியேட்டர் செட்டின் சப்பைப் புது ஏவிஆரின் சப் அவுட்டில் மாட்டலாமா?

முடியாது. அந்த செட்களில் வருகிற சப்புக்கு பெரும்பாலும் சொந்த ஆம்ப் கிடையாது, பின்னால் கரண்ட் வயர் இல்லாமல் ஸ்பீக்கர் வயர் மட்டும் இருந்தால் அதேதான். சப் அவுட்டில் வருவது சிக்னல் மட்டும், அதனால் கோனை அசைக்க முடியாது. நடுவில் தனி ஆம்ப் வாங்கிப் போடலாம், அந்தப் பெட்டிக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை.

கேள்வி (கோவையிலிருந்து): 10 இன்ச் சப் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சோபாவில் உட்கார்ந்தால் பாஸே இல்லை, எழுந்து கிச்சன் வாசலுக்குப் போனால் நெஞ்சில் இடிக்கிறது. சப்பில் கோளாறா அண்ணா?

சப் நன்றாகத்தான் இருக்கிறது, சோபாதான் தப்பான இடத்தில் இருக்கிறது. எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பாஸின் அலைநீளம் பெரிது, 40 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 28 அடி. அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே போய்த் திரும்பி மோதும்போது சில இடங்களில் தன்னோடு தானே சேர்ந்து பெருக்கும், சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உங்கள் அறையின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம், 563ஐ அறையின் நீளத்தால் அடிக்கணக்கில் வகுங்கள். 14 அடி என்றால் 40 ஹெர்ட்ஸ், 12 அடி என்றால் 47. அந்த ஸ்வரம் சுவரோரம் பொங்கும், நட்டநடுவில் காணாமல் போகும். நீங்கள் சோபாவை அறைக்கு நடுவில் போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

வெளிநாட்டு யூடியூப் விமர்சனங்களை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த முடியாததற்கும் இது ஒரு காரணம். அமெரிக்காவில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர், பாஸில் ஒரு பகுதி அதில் கசிந்து வெளியே போய்விடும். நம் வீட்டில் செங்கல், கான்கிரீட், தரையில் டைல்ஸ். போன பாஸ் முழுசாகத் திரும்பி வரும், மேடும் பள்ளமும் இங்கே இன்னும் மோசம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது, அங்கே திணறுகிற சின்ன சப் இங்கே கதவைச் சாத்தினால் கொஞ்சம் பெரிய சப் மாதிரி நடிக்கும்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் சோபாவை ஒன்றிரண்டு அடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அது முடியாதென்றால் சப்பைத் தூக்கி சோபாவில் நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வையுங்கள், பாஸ் நிறைய உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து சுவரோரமாக ஒவ்வொரு இடமாகக் காதை வைத்துக் கேளுங்கள். எங்கே பாஸ் குளறாமல், எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். நான் இதைச் செய்தபோது என் மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "என்ன மாப்பிள்ளை, மோதிரம் விழுந்துடுச்சா?" என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் கிடைக்கும், ஆனால் அறையின் எல்லா மேடுகளையும் அது கிளப்பிவிடும், சப் ரொம்பச் சின்னதாக இருந்தால் மட்டும் மூலை. ஈக்வலைசரில் ஏற்றிச் சரிசெய்யலாம் என்று மட்டும் போகாதீர்கள். மேட்டைக் குறைக்க அது உதவும், அழிந்து போகிற ஸ்வரத்தை எவ்வளவு ஏற்றினாலும் அதே அளவு அழியும், சூடாவது ஆம்ப் மட்டும்தான்.

கேள்வி: சப்பின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை எதில் வைக்க வேண்டும்? ஏவிஆரிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறதே?

எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் சப்புக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதுதான் கிராஸ்ஓவர். ஒன்று போதும், அது ஏவிஆரில் இருக்கட்டும். சப்பில் உள்ளதைக் கடைசிவரை திருகிவிடுங்கள், அல்லது அந்தத் திருகை ஒதுக்கிவிடுகிற எல்.எஃப்.இ. என்று ஸ்விட்ச் இருந்தால் அதில் போடுங்கள். ஏவிஆரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' (ஆழமான பாஸைச் சப்புக்கு விட்டுவிடுகிற அமைப்பு) ஆக்கி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆட்டோ செட்டப் உங்கள் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று காட்டினால் பெருமைப்படாதீர்கள், ஸ்மாலுக்கு மாற்றுங்கள். கைக்கடக்கமான சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120 வரை போக வேண்டியிருக்கும், அப்போது ஆண் குரலின் அடிப்பாகம் சப்பிலிருந்து வருவது தெரியும், அதனால் சப்பை முன்பக்கம் டிவிக்கு அருகே வையுங்கள். சப் பத்தடி தள்ளி இருக்கும்போது ஆட்டோ செட்டப் பதினாலு அடி என்று காட்டினால் டேப் எடுத்து அளந்து திருத்தாதீர்கள், சப்புக்குள் உள்ள ஃபில்டரால் வரும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது.

கேள்வி (மதுரையிலிருந்து): சித்தப்பா பையன் அமெரிக்காவிலிருந்து வருகிறான். டேட்டன் சப்-1200 அங்கே சல்லிசு என்கிறான். கொண்டுவரச் சொல்லலாமா?

12 இன்ச், 120 வாட்ஸ், நல்ல சப்தான். அவன் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு விஷயம் பார்க்கட்டும், பின்பக்கம் 115/230 என்று வோல்டேஜ் மாற்றுகிற ஸ்விட்ச் இருக்கிறதா என்று. அந்த ஊர் கரண்ட் 120 வோல்ட், நம் 230இல் நேராகச் செருகினால் ஒரு நொடியில் புகை. ஸ்விட்ச் இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், சப் கரண்டைவிட அதிகம் தாங்குகிற மாதிரி. அந்தச் செலவு, லக்கேஜ் செலவு, இங்கே வாரண்டி கிடையாது, எல்லாவற்றையும் கூட்டினால் சல்லிசு பெரும்பாலும் காணாமல் போய்விடும். அவனை வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: படம் ஓடாதபோதும் சப்பிலிருந்து 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். கேபிள் செட்டாப் பாக்ஸைக் கழற்றினால் நின்றுவிடுகிறது.

பாதிப் பதிலை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கேபிள்காரர் வயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறுவேறு மட்டத்தில் இருப்பதால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதில் ஓடுகிறது. டிவி, பாக்ஸ், ஏவிஆர், சப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கேபிள் வயரில் போடுகிற ஐசொலேட்டர் கிடைக்கும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒடிக்காதீர்கள், எலக்ட்ரீஷியன் சொன்னாலும். இரைச்சல் நிற்கும்தான், ஒருநாள் பெட்டியைத் தொடும்போது உங்களைத் தூக்கியடிக்கும்.

கேள்வி (வேளச்சேரி, அபார்ட்மெண்ட்): கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சண்டை போட்டுவிட்டார். அடியில் ஸ்பாஞ்ச் வைத்தால் போதுமா?

தரை வழியாக நேராக இறங்குகிற அதிர்வு குறையும், காற்று வழியாகப் போய்த் தளத்தையே ஆட்டுகிற பாஸ் குறையாது. அதனால் பெரிசாக எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வேலை செய்தது வேறு வழி. சப்பை டிவி பக்கத்திலிருந்து எடுத்து சோபாவுக்கு நேர் பின்னால், முதுகிலிருந்து ஒரு அடி தூரத்தில் வைத்தேன், வால்யூமை நன்றாகக் குறைத்தேன். பக்கத்தில் இருப்பதால் உங்களுக்குக் குறையாது, கீழே போவது குறையும். இரவில் ஏவிஆரின் நைட் மோடைப் போடுங்கள், வெடிச்சத்தத்தை அடக்கி வசனத்தை மேலே கொண்டுவரும். பத்து மணிக்கு மேல் சப்பை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது, கீழ்வீட்டுப் பிள்ளைக்கு எப்போது பரீட்சை என்று கேட்டு வைத்துக்கொண்டால் அதைவிட நல்லது.

கேள்வி: சிரிக்காதீர்கள் சார். சப்பின் போர்ட் ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போய்விட்டது. என்ன செய்வது?

சிரிக்கவில்லை, எனக்கும் நடந்திருக்கிறது. கரண்டைப் பிடுங்கிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். ஆழமான டெஸ்ட் டோன் போட்டு விரட்டுகிறேன் என்று ஆரம்பிக்க வேண்டாம், போர்ட் அமைத்திருக்கும் அலைவரிசைக்குக் கீழே போனால் கோனுக்குப் பிடிமானம் இருக்காது, கண்டபடி முன்னும் பின்னும் ஆடி வாய்ஸ் காயில் (கோனை ஆட்டுகிற கம்பிச்சுருள்) கெட்டுப் போய்விடும், பல்லி பத்திரமாக இருக்கும். வலை ஒட்டினால் காற்று 'ஸ்ஸ்' என்று சீறும். படம் பார்க்காத நேரத்தில் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டிப் போர்ட்டில் செருகி வையுங்கள், பார்க்கும்போது எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்துவிட்டு, சப் திடீரென்று பலவீனமாகிவிட்டது என்று எனக்கே எழுதியவர் ஒருவர் இருக்கிறார்.