அப்பாவின் ஹார்ட் டிஸ்க்

வணக்கம் சார்,

என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். 2004இல் டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் படம் எடுத்தவர். அவருடைய அலமாரியில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு டப்பா நிறைய சி.டி., பழைய போன் எல்லாம் இருக்கின்றன. ஒரே படம் நாலு இடத்தில் கிடக்கிறது. சில ஃபோல்டர்களுக்கு ‘புதுசு’, ‘புதுசு 2’ என்று பெயர். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் “எல்லாத்தையும் கூகுள் போட்டோஸ்ல ஏத்திடு, அது பார்த்துக்கும்” என்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உட்கார்கிறேன். கொஞ்சம் பார்த்ததும் அழுகை வந்து மூடிவிடுகிறேன். எந்த சாஃப்ட்வேர் நல்லது? எங்கிருந்து தொடங்குவது? அம்மாவுக்கு 76 வயது. என் பிள்ளைகள் காலத்துக்கும் இவை இருக்க வேண்டும்.

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகள் காலத்துக்கும் இருக்க வேண்டும் என்றால், ஒன்றுமே தெரியாத ஒருவர், உங்களைக் கேட்கவும் வழியில்லாமல் இதைத் திறப்பார் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நீங்கள் இப்போது அப்படித்தான் திறக்கிறீர்கள். ‘புதுசு 2’ எது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதல் வேலை, எதையும் அடுக்காமல் அப்படியே நகலெடுப்பது. அழுகை வருவது அடுக்க உட்காரும்போதுதான். நகலெடுக்கப் படங்களைப் பார்க்க வேண்டியதில்லை. புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, பழையதில் உள்ளதை மொத்தமாக அதில் போடுங்கள். அதிலும் சி.டி.க்கள்தான் அவசரம். வீட்டில் எழுதுகிற சி.டி.யில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெடும். நம் ஊர் அலமாரியில் இருபது வருஷம் இருந்த சி.டி. திறந்தால் அதிர்ஷ்டம். ஒரு டிரைவில் படிக்காத சி.டி. இன்னொன்றில் படிப்பதுண்டு, அதனால் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே கழற்றிவிட்டு, தகவல் மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தால் இருப்பதும் போய்விடும்.

அண்ணன் சொல்வது பாதி சரி. ஏற்றுங்கள், ஆனால் ‘அது பார்த்துக்கும்’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கூகுளின் ஆர்குட் சமூக வலைத்தளம் 2014இல் மூடப்பட்டது, அதன் பிகாசா என்ற படச் சேவை 2016இல் நின்றது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் இப்போதைய விதி. அப்பாவின் கணக்குக்கு ஒரு வருஷம் ஏற்கெனவே ஓடிவிட்டது. பழைய போனில் அந்தக் கணக்கு திறந்தே இருந்தால், டேக்அவுட் என்ற வசதி வழியாக எல்லாவற்றையும் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, போனோடு இணைந்த கணக்கில் ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். குப்பைத்தொட்டியில் அறுபது நாள் இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் கைக்குப் போகிற போனில் இது சாதாரணமாக நடக்கும்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களை இரண்டாம் தரமாகவே வையுங்கள். சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நாள், இடம் போன்ற விவரங்களும் போய்விடும். கோப்பின் பெயரில் தெரியும் தேதி, பகிர்ந்த தேதிதான். அண்ணனிடம் இருக்கும் மூலப் படங்களை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது அம்மா விஷயம். நகலெடுத்து முடித்த கையோடு செய்ய வேண்டியது இதுதான். சாஃப்ட்வேர், ஃபோல்டர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. அருமையான பணி. அந்த மாதிரிப் பழைய படங்களில் நாற்காலியும் பின்திரையும் அட்டிகையும் துல்லியமாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் பல படங்களில் தெரியாது. வெள்ளிப் படலமும் காகிதமும் நூறு வருஷம் தாங்கியிருக்கின்றன, பெயர் தாங்கவில்லை. அந்த ஸ்டூடியோவில் யாராவது பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

எங்கள் பெரியம்மாவோடு லேப்டாப்பில் ஒரு காதுகுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மடியில் வைத்திருந்தவரைக் காட்டி, “தாய்மாமாதானே?” என்றேன். “இல்லடா. அவனுக்கு அந்த வருஷம் சவூதியில லீவு கிடைக்கல. இது சித்தப்பா மகன். மாமன் சீரெல்லாம் இவன் கையால செய்ய வச்சோம். குழந்தையோட அம்மா அன்னிக்குச் சாப்பிடவே இல்ல” என்றார். படத்தில் குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெரியம்மா சொல்லியிராவிட்டால், மடியில் வைத்திருப்பவர் தாய்மாமன் என்றே எங்கள் குடும்பத்தில் நிலைத்திருக்கும்.

அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, சோர்வு தராமல் அரை மணிநேரத்துக்கு மேல் போகாமல், படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். போனில் குரல் பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பெயர் கேட்டதும் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். அம்மா பேச ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். பெயரை எழுதும்போது ‘சித்தி’, ‘மாமா’ என்று எழுதாதீர்கள். உங்கள் சித்தி உங்கள் பேரனுக்கு யார்? முழுப்பெயர், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்ன முறை, எந்த ஊர், இந்த மூன்றும் வேண்டும். அம்மாவுக்கும் தெரியாத முகம் இருந்தால், ஊரில் இருக்கும் அத்தைகளிடம் அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்பிக் கேளுங்கள். அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

சாஃப்ட்வேர் கேட்டிருந்தீர்கள். டிஜிகேம் இலவசம், அது போதும். பெயரையும் குறிப்பையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க அதில் வழி இருக்கிறது. அமைப்புகளில் அதைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் போட்டோஸில் முகத்துக்குப் பெயர் கொடுத்தால் அது அந்தக் கணக்கோடு சரி, கோப்போடு வராது. தமிழில் எழுதுவதானால், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில்தான் எழுத வேண்டும். பாமினி எழுத்துருவில் சேமித்த பழைய குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா அப்படி ஏதாவது தட்டச்சு செய்து வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதம், விசேஷம் என்று வையுங்கள். ‘2007-05 கிரகப்பிரவேசம்’ மாதிரி. தேதி முன்னால் வந்தால் தானாகவே வரிசையில் நிற்கும். கேமராவின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பியிருக்கலாம். ஒரே நாளில் மூன்று கல்யாணம் நடந்ததாகக் காட்டினால் குழம்ப வேண்டாம், அந்தத் தேதிகளைத் திருத்தலாம். எதையும் அழிக்க உட்காராதீர்கள், அது முடியாத வேலை. ஒவ்வொரு வருஷத்திலும் ஐம்பது படம் பொறுக்கி ‘தேர்வு’ என்று தனி ஃபோல்டரில் நகலாக வையுங்கள். பிள்ளைகள் திறந்து பார்க்கப்போவது அதைத்தான். அதிலிருந்து கொஞ்சத்தை நல்ல லேபில் கொடுத்து அச்சுப் போடுங்கள், பின்பக்கம் பெயர் எழுதுங்கள்.

மொத்தம் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு இது, இன்றும் இதைவிட எளிதான வழி இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, ஆல்பமும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தவர்களுக்கு இரண்டுமே போயின. உங்களுக்கு வசதி இருக்கிறது: ஒரு டிஸ்க் தஞ்சாவூரில், ஒன்று சிங்கப்பூரில், ஒன்று கூகுளில். பென் டிரைவை நம்பி வருஷக்கணக்கில் வைக்காதீர்கள். அப்பா திதிக்கு எல்லோரும் கூடும்போது டிஸ்க்கைத் திறந்து நாலு படம் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கணக்கின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற கவரிலேயே போடுங்கள். ‘படங்கள் எங்கே இருக்கின்றன’ என்று அதே தாளில் நாலு வரி. உங்கள் பிள்ளைகளில் மூத்தவருக்கு அந்தக் கவர் எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்திருக்கட்டும்.

இந்த ஞாயிறு சி.டி. டப்பாவை மட்டும் எடுங்கள். படிக்காதவற்றைத் தனியாக வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.