கிளாஸுக்குள் ஸ்டோர்டு ப்ரொசீஜர்: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: சி ஷார்ப்பில் எழுதிய ஃபங்ஷனை மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்குள்ளேயே ஓட்டலாம் என்கிறார்கள். அதற்கென்றே டி-எஸ்க்யூஎல் மொழி இருக்கும்போது அது எதற்கு சார்?

2005 பதிப்பிலிருந்தே ஓட்டலாம். பப்ளிக் ஸ்டேட்டிக் மெத்தடாக எழுதி டிஎல்எல் ஆக்கி (கம்பைல் ஆன இந்த ஃபைல்தான் அசெம்பிளி), 'கிரியேட் அசெம்பிளி' கொடுத்து உள்ளே ஏற்றி, அப்புறம் 'கிரியேட் ஃபங்ஷன்' கட்டளையின் கடைசியில் 'எக்ஸ்டர்னல் நேம்' போட்டு அசெம்பிளி, கிளாஸ், மெத்தட் மூன்றையும் புள்ளி வைத்து எழுதினால் ஆச்சு. சிஎல்ஆர் என்பது டாட்நெட் நிரலை ஓட்டும் எஞ்சின்; 'சிஎல்ஆர் எனேபிள்டு' என்ற அமைப்பு முதலில் அணைந்தே இருக்கும், அதை 1 ஆக்கிவிடுங்கள்.

எதற்கு என்பதைத் தமிழை வைத்தே சொல்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லை என்-வார்சாரில் (யூனிகோட் எழுத்துக்கான டேட்டா டைப்) போட்டு, நீளம் சொல்லும் லென் ஃபங்ஷனைக் கேளுங்கள், 5 என்று வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு இருப்பதால் சர்வர் மேல் தப்பில்லை. டி-எஸ்க்யூஎல்லில் லூப் ஓட்டி, துணைக்குறிகளை ஒவ்வொன்றாகக் கழித்து இதைச் சரிக்கட்டலாம்தான், நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன், அந்த ஃபைலை மறுபடி திறக்க மனசு வரவில்லை. டாட்நெட்டில் 'ஸ்ட்ரிங்இன்ஃபோ' கிளாஸிடம் கேட்டால் ஒரே வரியில் 3 வந்துவிடும் (ஸ்ரீ, க்ஷ இரண்டையும் மட்டும் இரண்டிரண்டாக எண்ணும், அதைத் தனியாகப் பாருங்கள்). 'டிட்டர்மினிஸ்டிக்' (ஒரே இன்புட்டுக்கு எப்போதும் ஒரே பதில்) என்று குறித்து, பெர்சிஸ்டட் கம்ப்யூட்டட் காலமாக (கணக்கிட்ட பதிலைச் சேமித்தே வைக்கும் column) வைத்தால் இண்டெக்ஸ் கூடப் போடலாம்.

ஆனால் நாலு டேபிளை ஜாயின் செய்து அப்டேட் பண்ணுகிற வேலையைக் கிளாஸுக்குள் கொண்டுபோகாதீர்கள். 'கான்டெக்ஸ்ட் கனெக்ஷன்' (ஃபங்ஷனைக் கூப்பிட்ட அதே இணைப்பு) திறந்து அதே செலக்டை டபுள் கோட்டுக்குள் எழுதப் போகிறீர்கள், நாளைக்கு டேபிளின் காலம் ஒன்றின் பெயர் மாறினால் கம்பைலர் வாயே திறக்காது. கமா போட்ட ஸ்ட்ரிங்கைப் பிரிக்க மட்டும் என்றால் இப்போது சிஎல்ஆரே வேண்டாம், 2016 முதல் 'ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட்' உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: 2014இல் ஓடிய அசெம்பிளி 2019இல் ஏற மறுக்கிறது. அனுமதி வகை 'சேஃப்' என்றுதான் போட்டிருக்கிறேன்.

'சேஃப்' என்று நீங்கள் சொல்வதை 2017 முதல் சர்வர் நம்புவதில்லை. 'சிஎல்ஆர் ஸ்ட்ரிக்ட் செக்யூரிட்டி' என்ற அமைப்பு அப்போது வந்தது, இன்ஸ்டால் செய்யும்போதே ஆன். சேஃப், எக்ஸ்டர்னல் ஆக்சஸ் என்று எதைப் போட்டாலும் அன்சேஃப் போலவே நடத்தும். டிஎல்எல்லுக்கு சைன் போட்டு, அந்த சர்டிஃபிகேட்டிலிருந்து ஒரு லாகின் உண்டாக்கி, அதற்கு 'அன்சேஃப் அசெம்பிளி' அனுமதி கொடுப்பதுதான் முறையான வழி. அவசரம் என்றால் டிஎல்எல்லின் ஹாஷை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற மதிப்பு) நம்பகமான பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பில்டுக்கும் ஹாஷ் மாறும், ஒவ்வொரு முறையும் சேர்க்கணும். தேடினால் முதலில் கிடைக்கிற பதில் 'ட்ரஸ்ட்வொர்தி ஆன் பண்ணு' (இந்த டேட்டாபேஸையே நம்பு என்று சர்வரிடம் சொல்லும் அமைப்பு) என்பதாக இருக்கும். வேண்டாம். கதவு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது.

கேள்வி: டேபிளில் நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்) இருக்கும் வரிசை வந்தாலே ஃபங்ஷன் எரர் அடிக்கிறது.

இன்ட் என்று பாராமீட்டர் வைத்திருப்பீர்கள். 'எஸ்க்யூஎல்இன்ட்32' ஆக மாற்றி 'இஸ்நல்' பாருங்கள். நல் வந்தால் பதிலும் நல்தான் என்றால், கிரியேட் ஃபங்ஷனிலேயே 'ரிட்டர்ன்ஸ் நல் ஆன் நல் இன்புட்' போடுங்கள், மெத்தடையே கூப்பிடாது.

கேள்வி: பில் சேமிக்கும் ப்ரொசீஜருக்குள் (டேட்டாபேஸிலேயே வைத்திருக்கும் நிரல்) இருந்தே எஸ்எம்எஸ் சேவையைக் கூப்பிடலாமா?

முடியும், செய்யாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதையேதான் செய்தோம், யோசனை சொன்னதில் எனக்கும் பங்குண்டு. ஒரு பண்டிகைச் சாயங்காலம் எஸ்எம்எஸ் சேவை மெதுவானது, ஒவ்வொரு பில்லின் டிரான்சாக்ஷனும் பதிலுக்குக் காத்துக்கொண்டு லாக்கை விடாமல் பிடித்திருக்க, பின்னால் வந்த பில்கள் எல்லாம் வரிசையில் நின்று, கடைசியில் கவுன்ட்டரில் ஆட்கள் பேனாவால் பில் எழுதினார்கள். இதில் இன்னொரு கூத்து, ரோல்பேக் ஆன (பாதியில் ரத்தான) பில்லுக்கும் எஸ்எம்எஸ் போயிருந்தது. அனுப்பிய செய்தியை ரோல்பேக் செய்ய முடியாதே. ப்ரொசீஜர் ஒரு டேபிளில் 'இதை அனுப்பு' என்று ஒரு வரிசை எழுதட்டும், வெளியே ஓடும் சர்வீஸ் அதை எடுத்து அனுப்பட்டும்.

கேள்வி: டாட்நெட் 8இல் எழுதிய லைப்ரரியை இப்படி ஏற்றலாமா?

முடியாது, பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் மட்டும்தான். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் சிஎல்ஆரே கிடையாது, அதே கிளவுடின் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸில் உண்டு. லினக்ஸ் சர்வரில் சேஃப் வகை மட்டும் ஏறும்.

கேள்வி: ஆரக்கிள் டேட்டாபேஸில் ஜாவா கிளாஸை 'லோட்ஜாவா' வைத்து ஏற்றி ப்ரொசீஜராகக் கூப்பிடுகிறேன். பிரிண்ட்எல்என் போட்டது எதுவும் திரையில் வரவில்லை.

எங்கும் தொலையவில்லை, சர்வரின் ட்ரேஸ் ஃபைலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. எஸ்க்யூஎல் பிளஸில் 'சர்வர்அவுட்புட்' ஆன் செய்து, 'டிபிஎம்எஸ் ஜாவா' பேக்கேஜின் 'செட் அவுட்புட்' ப்ரொசீஜரை 5000 போல ஒரு அளவு கொடுத்து ஓட்டிவிட்டு, அதே செஷனில் மறுபடி கூப்பிடுங்கள். செஷனை மூடித் திறந்தால் இரண்டையும் திரும்பப் போடணும்.