சைலன்சர் துருவும் உலோகத் தேர்வும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தூத்துக்குடியில் இருக்கிறேன். பெட்ரோல் கார். பின்பக்க மப்ளரின் (சைலன்சர் பெட்டியின்) அடிப்பகுதி அரித்து ஓட்டையாகிவிட்டது. முன்பக்க பைப் நன்றாகவே இருக்கிறது. உப்புக்காற்றுதான் காரணமா? எதில் மாற்றலாம்?

உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கும். ஆனால் மப்ளரின் அடிப்பகுதி மட்டும் போயிருந்தால், அரிப்பு உள்ளிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் பின் மப்ளர் சூடேறுவதே இல்லை. ஆவி அங்கேயே தண்ணீராகி, லேசான அமிலத்தன்மையோடு அடியில் தேங்கும். முன் பைப் சீக்கிரம் கொதித்து உலர்ந்துவிடுவதால் தப்பிக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

பின்பகுதிக்கு 304எல் (கார்பன் குறைந்த 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 1.2 முதல் 1.5 மி.மீ. கனத்தில் போடுங்கள். கடலோரத்தில் 409 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உறுதியாக இருக்கும், ஆனால் குரோமியம் 11 சதவீதம் அளவே என்பதால் மேலே பழுப்பு படரும். மப்ளரின் தாழ்வான இடத்தில் 2–3 மி.மீ. வடிகால் துளை இருக்கிறதா பாருங்கள். அதில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, ஓட்டை என்று நினைத்துப் பற்றவைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் அடுத்த மப்ளரும் அதே இடத்தில் போகும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304தான் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

காந்தத்தை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். 202 போன்ற 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, துருவைத் தாங்கும் திறனும் குறைவு. காந்தம் ஒட்டினால் மட்டம் என்பதும் தவறு. கம்பெனி எக்ஸாஸ்டுகளில் பரவலாக வரும் 409-இல் காந்தம் நன்றாகவே ஒட்டும். 304 பைப்பும் வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும்.

ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) பைப்பின் மேல் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால், ஸ்டீல் கடைகளில் வைத்திருக்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு பேட்டரி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாங்கனீசு அதிகமென்றால் சொட்டு சிவக்கும்.

304-இல் புதிதாகச் செய்த மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து எடுக்கும் குழாய்), ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஓரத்தில் வெல்டிங்கை ஒட்டி வெடித்துவிட்டது. பற்றவைத்தாலும் மறுபடி வெடிக்கிறது.

அதே இடத்தில் மறுபடி பற்றவைத்துப் பயனில்லை. ஒரு மீட்டர் 304 பைப்பை 600 டிகிரி சூடாக்கினால் சுமார் 11 மி.மீ. நீளும், 409 என்றால் 7 மி.மீ. அளவுதான். நீள்வதற்கு இடமில்லாதபோது அந்த இழுவிசை முழுவதும் வெல்டிங் ஓரத்தில் போய் நிற்கும். பிளெக்ஸ் பைப் (வளைந்துகொடுக்கும் இணைப்புக் குழாய்) விறைத்திருக்கிறதா, தொங்கு ரப்பருக்குப் பதிலாக யாராவது இரும்புக் கிளாம்ப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண 304, 450–850 டிகிரியில் நெடுநேரம் இருந்தால் அதன் குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோகத்தின் நுண்மணிகளுக்கு (படிகங்களுக்கு) இடையிலான எல்லையில் ஒதுங்கி, அந்த எல்லை ஓரங்கள் பலவீனமாகும். மேனிஃபோல்டுக்கு டைட்டானியம் சேர்த்த 321தான் சரி. ஆர்கான் வெல்டிங் செய்யும்போது பைப்பின் உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். இல்லையென்றால் வெல்டிங்கின் உள்பக்கம் கருத்துப் பொருபொருவென்று ஆகி, வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

அலுமினியம் பூசிய ஸ்டீல் போதுமா?

உள்ளூரில், கடலுக்குத் தள்ளி ஓடும் வண்டிக்குப் போதும். பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். அந்த ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 600 டிகிரி தாங்கும் அலுமினியம் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். மேனிஃபோல்டுக்கு இது ஆகாது.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பைப் பழைய இரும்பு பைப்போடு பற்றவைக்கலாமா?

பற்றவைக்கலாம். 309எல் வெல்டிங் ராடு கேளுங்கள். சாதாரண இரும்பு ராடில் வைத்தால் இணைப்பு துருப்பிடித்து உடையும். வேலைக்கு முன் பேட்டரியின் மைனஸ் வயரையும் ஆக்ஸிஜன் சென்சார் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

அடியில் அடிக்கும் ரப்பர் கோட்டிங்கை சைலன்சருக்கும் அடிக்கலாமா?

கூடாது. சூட்டில் உருகிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். அதற்குப் பதிலாக ஃபிளேஞ்ச் போல்ட்டுகளின் மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். எஸ்.எஸ். போல்ட்டும் எஸ்.எஸ். நட்டும் இறுக்கும்போதே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பசை இல்லாமல் போட்டால், அடுத்த முறை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.